பிரம்படியின் ஆயுள்



“அடியாத மாடு படியாது” என்னும் பழமொழியைக் கேளாத வீடு நம் கிழக்குக் கரையில் அரிது. வயலும் மாடும் சூழ்ந்த அட்டாளைச்சேனை, ஆசிரியர்களைப் பயிற்றிப் பள்ளிகளுக்கு அனுப்பும் ஊருமாகும். ஆதலால், மாட்டுக்குச் சொன்ன நீதி மனிதக் குழந்தைக்கும் பொருந்துமா என்ற கேள்வியை இவ்வூரிலிருந்தே எழுப்புவது தகும்.

1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம், பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிற்று. ஆயினும், பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையை அது பாதிக்காது என்று அதே சட்டத்தின் 71 ஆம் பிரிவு கூறிற்று. வேலியையும் இட்டு, அதில் வழியும் விட்டது சட்டம்.

மருத்துவ உலகமும் நெடுங்காலம் இதைக் காணாதிருந்தது. 1962 இலேதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய துணைவர்களும், பிள்ளைகளின் எலும்பு முறிவுகள் சில வளர்ப்போர் கையாலேயே நேர்ந்தவை என்று வெளிப்படையாக எழுதினர்.

முறிந்த எலும்பு கூடிவிடும். அத்துடன் துன்பம் தீர்ந்துவிடுகிறதா? 1998 இல் வின்சென்ட் பெலிட்டி, ராபர்ட் அண்டா முதலிய மருத்துவர்கள் இதற்கு விடை தந்தனர். கலிபோர்னியாவில் வயதுவந்தோர் 9,508 பேரின் இளமைக் காலத்தை அவர்கள் கேட்டறிந்தார்கள். அடி, வசை, பாலியல் கொடுமை, தாய் அடிபடக் காணுதல் போன்ற துன்பங்களுள் நான்கு வகையேனும் பட்டவர்களுக்கு, அவை அறியாதவர்களைவிடக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு மிகுந்திருந்தது. துன்பத்தின் வகைகள் கூடக்கூட, இருதய நோயும் நுரையீரல் நோயும் கூடின. ஓயாத அச்சம் உடலை ஓயாத விழிப்பில் வைக்கிறது. அத்துன்பத்தை மறக்கப் புகையும் மதுவும் துணையாகின்றன.

நம் நாட்டிலும் இதன் சுவடு உண்டு. போரும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கண்ட வடகிழக்கில், 296 தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வொன்று 2008 இல் வெளியாயிற்று. போரின் அனுபவமும் தந்தையின் குடியும் மிகுந்த இடத்தில், வீட்டிலே பிள்ளை படும் கொடுமையும் மிகுந்திருந்ததை அது காட்டிற்று. போர்க்களத்தின் வன்முறை வீட்டு வாசலையும் கடந்து வருகிறது!

1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பெற்றுச் சிறுவர் கொடுமை தனிக் குற்றமாயிற்று. 1998 இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டமும் நிறைவேறிற்று. ஆனால் சட்டம் எல்லா வீட்டு வாசலிலும் காவல் நிற்க இயலாது.

இளமையில் அடிபட்டவர் யாவரும் நோயாளராவர் என்பதன்று, அது தலைவிதியுமன்று. நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரின் அன்பு அக்காயத்தைப் பெரிதும் ஆற்றும் என்பதையும் ஆராய்ச்சிகள் உணர்த்துகின்றன. அப்பெரியவர் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியராகவும் இருக்கலாம்; இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களாகவும் இருக்கலாம்.