கூடாரத்திலிருந்து கூடத்துக்கு

1905ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் படம் காட்டும் கருவியோடு திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். டூபான் என்பது அவர் பெயர். நோயுற்ற அவர் தாயகம் திரும்ப எண்ணி, கருவியையும் கைவசமிருந்த படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். தென்னிந்திய ரயில்வேயில் பணியிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் அவற்றை வாங்கினார், விலை ரூ.2,250 என்பர். வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார் சாமிக்கண்ணு. வடக்கே பெஷாவர் வரைக்கும், கிழக்கே ரங்கூன் வரைக்கும் அந்தப் பெட்டி பயணம் செய்தது. 1914இல் அவர் கோயம்புத்தூரில் கட்டிய வெரைட்டி ஹால் தென்னாட்டின் முதல் நிலையான திரையரங்குகளுள் ஒன்று.

தமிழ்த் திரைப்பட வரலாற்றைப் படித்தவர்கள் அறிந்த செய்திதான் இது. இதனுள் இருக்கும் ஒரு வினாவை மட்டும் நாம் இங்கே எடுத்துக்கொள்வோம். சேமித்து வைக்கப்பட்ட அசையும் படம் யார் கையில் இருந்தது? இன்று திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு அப்பால் சமயபுரத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் சிறு கணினி ஒன்றை வைத்து, அதிலுள்ள படங்களைத் தொலைக்காட்சிக்கு அனுப்பிப் பார்க்கிறார்கள் என்றால், சாமிக்கண்ணுவின் பெட்டிக்கும் அந்தக் கணினிக்கும் நடுவே நடந்தது என்ன?

கூடாரக் காலத்தில் சுருள் காட்டுபவருடையது. இன்ன நாளில் இன்ன படம் என்று அவர் முடிவு செய்வார். மக்கள் படத்தைத் தேடிப் போனார்கள். திரையரங்கு வந்த பின்னும் இதில் மாற்றமில்லை. சுருளைக் காக்கும் பொறுப்பும் அதை வைத்திருந்தவருடையதே. அந்தப் பொறுப்பு எப்படி நிறைவேற்றப்பட்டது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். ஆர்.நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ தென்னாட்டின் முதல் ஊமைப்படம். 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ முதல் தமிழ்ப் பேசும்படம். இரண்டுக்கும் இன்று பிரதி கிடையாது. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் தோன்றியது. அதற்குள் எத்தனையோ படங்கள் பாட்டுப் புத்தகங்களாகவும் விளம்பரத் தாள்களாகவும் மட்டுமே எஞ்சிவிட்டன.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. படம் முதன்முறையாக வீட்டுக்குள் வந்தது. ஆனால், வந்தது போயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் படத்தைத் தவறவிட்டவர் தவறவிட்டவர்தாம். வீட்டில் திரை இருந்தது, சேமிப்பு இல்லை. திருச்சி வட்டாரத்துக்கோ அந்தத் திரையே சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. 1939 முதல் வானொலி நிலையம் இருந்த ஊர் இது. கேட்பதில் மூத்த ஊர், பார்ப்பதில் காத்திருந்த ஊர்.

சேமிப்பு வீட்டுக்கு வந்தது ஒளிநாடாவோடு. சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸையும், ஜேவிசி நிறுவனம் 1976இல் விஎச்எஸ்ஸையும் வெளியிட்டன. எண்பதுகளில் நம் ஊர்களில் டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் சேர்ந்தே வாடகைக்கு வரும். கேசட் கடையில் மூன்று படங்களை எடுத்து வந்து விடிய விடியப் பார்ப்பார்கள். கருவி காலையில் திரும்பிப் போக வேண்டும் என்பதால் தெருவே உறங்காது. திரையரங்குகள் கலங்கின. திருட்டு நாடாவைத் தடுக்கும் நோக்கத்தோடு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டது. இந்த ஆரவாரத்துக்கு நடுவே அமைதியாக இன்னொன்று நிகழ்ந்தது: வீடு தன்னைத் தானே படம்பிடித்துக்கொள்ளத் தொடங்கியது.

* * *

சமயபுரம் வட்டாரத்து வீடுகளில் பரணிலும் மர அலமாரியிலும் கிடக்கும் நாடாக்கள் பெரும்பாலும் மூன்று வகை: திருமணம், காதுகுத்து, அம்மன் திருவிழா. மூன்றாவது வகை இவ்வூருக்கே உரியது. மாசி மாதக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்கும். அன்றிலிருந்து 28 நாட்கள் மாரியம்மன் பக்தர்களுக்காகத் தானே பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். சித்திரை முதல் செவ்வாயன்று தேர். தைப்பூசத்தின்போது அம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருள, அண்ணன் அரங்கநாதனிடமிருந்து சீர் வரும். மஞ்சள் உடுத்திப் பாதயாத்திரையாக வருவோர், தீச்சட்டி ஏந்துவோர், அலகு குத்தியோர், மாவிளக்கு எடுப்போர் என எல்லாரும் இந்த நாடாக்களில் இருக்கிறார்கள். நான்குவழிச் சாலை வருமுன் இருந்த நெடுஞ்சாலையும் இருக்கிறது. எந்தக் கல்வெட்டும் குறிக்காத கூட்டம் இது. படம் பிடித்தவருக்குத் தாம் வரலாறு எழுதுகிறோம் என்ற எண்ணம் இருந்திருக்காது. தம் வீட்டார் முடிகாணிக்கை செலுத்துவதைப் பிடித்தார். பின்னணியில் ஊர் பதிவாயிற்று.

திருமண நாடாக்களிலும் ஒரு செய்தி உண்டு. அந்நாளைய ஒளிப்பதிவாளர்கள் நாகசுர ஓசையை அடக்கிவிட்டு மேலே திரைப்பாடலை ஏற்றிவிடுவார்கள். இருந்தும் தாலி கட்டும் நேரத்தில், பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குமுன், சில நொடிகள் உண்மை ஒலி கேட்கும். கெட்டிமேளம், யாரோ ஒரு பாட்டி யாரையோ அதட்டும் குரல், ஒரு குழந்தையின் அழுகை. அந்தப் பாட்டியின் குரல் வேறெங்கும் பதிவாகியிராது.

இந்த நாடாக்களுக்கு ஆயுள் குறைவு. நாடாவின் மேலுள்ள காந்தப்பூச்சு இருபது, முப்பது ஆண்டுகளில் தளரத் தொடங்குகிறது. ஈரம் பட்டால் வெண்பூஞ்சை படர்கிறது. நாடா நல்ல நிலையில் இருந்தாலும் ஓட்டிப் பார்க்க டெக் வேண்டும். உலகில் கடைசியாக விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருகிறார்கள். பெட்டி இருந்தும் சாவி தொலைந்த நிலையை நோக்கி நாம் போய்க்கொண்டிருக்கிறோம்.

* * *

வீட்டு ஒளிவழங்கி இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. அது புதுப்படம் பார்க்கும் வசதி என்று கருதுவோர் உண்டு. அதன் வரலாறும் அப்படித்தான் தொடங்கியது. 1991இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதத் தொடங்கிய சாம்பா மென்பொருள், வெவ்வேறு வகைக் கணினிகள் கோப்புகளைப் பகிர வழிசெய்தது. 2003இல் மின்னணு நிறுவனங்கள் பல கூடி, ஒருவர் செய்யும் தொலைக்காட்சி இன்னொருவர் செய்யும் கணினியைக் கண்டுகொள்ளும்படி டிஎல்என்ஏ என்னும் பொது நெறியை வகுக்க முனைந்தன. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் எழுதிய திறமூல மென்பொருள் ஒன்று வளர்ந்து, 2014இல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2012இல் வந்த ராஸ்பெரி பை, உள்ளங்கையளவு கணினியை எளியோர் கைக்குத் தந்தது. 2018இல் ஜெல்லிஃபின் என்னும் இலவச வழங்கி மென்பொருள் பிறந்தது. இவற்றையெல்லாம் ஆக்கியவர்கள் சமயபுரத்தை நினைத்திருக்க மாட்டார்கள். கருவி யாருக்காகச் செய்யப்பட்டது என்பது ஒன்று, யாருக்குப் பயன்படும் என்பது மற்றொன்று.

செய்முறை எளிது. ஓடும் நிலையிலுள்ள டெக்கிலிருந்து, யூஎஸ்பி பதிவுக்கருவி வழியாக, நாடாவை ஓடவிட்டுக் கணினியில் பதிய வேண்டும். மூன்று மணி நேர நாடாவுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்குவழி இல்லை. பூஞ்சை படிந்த நாடாவைத் துடைக்காமல் ஓட்டினால் டெக்கும் கெடும், அடுத்த நாடாவும் கெடும். நொடிக்கு 3 மெகாபிட் என்ற தரம் விஎச்எஸ் படத்துக்குப் பெரிதும் போதும். அப்படிப் பதிந்தால் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 1.35 ஜிகாபைட்; மூன்று மணி நேர நாடா 4 ஜிகாபைட். ஆகவே 200 நாடாக்கள் ஒரு டெராபைட் வன்தட்டில் அடங்கிவிடும். வன்தட்டைச் சிறு கணினியில் இணைத்து, அதையும் தொலைக்காட்சியையும் வீட்டு ரௌட்டரோடு சேர்த்துவிட்டால் போதும். இணையம் தேவையில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. இணைய இணைப்பு அறுந்த நாளிலும் வீட்டுக்குள் படம் ஓடும். தொலைக்காட்சிக்கு நேராகப் புரியும் எச்.264 வடிவில் பதிந்துவிட்டால், கணினி ஓடும்போதே வடிவம் மாற்றித் தவிக்க வேண்டியதும் இல்லை.

கடினமான பகுதி பெயரிடுதல். நாடாவின் மேல் ‘அக்கா கல்யாணம்’ என்று எழுதியிருக்கும். யாருடைய அக்கா? எழுதியவர் போன பிறகு அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. ஓலைச்சுவடியின் இறுதியில் எழுதியவர் பெயரும் ஆண்டும் மாதமும் நாளும் குறிக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது. அங்கும் ஒரு சிக்கல்: ‘பிரபவ வருடம்’ என்று மட்டும் இருந்தால் அது எந்த அறுபதாண்டுச் சுற்றில் வந்த பிரபவ என்று தெரியாமல் பதிப்பாசிரியர்கள் திகைத்திருக்கிறார்கள். அந்தத் திகைப்பை நம் பேரப்பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டுப் போக வேண்டுமா? கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், ஊர், நிகழ்வு, ஆட்களின் பெயர் இருக்கட்டும். ஒருங்குறித் தமிழில் இருக்கட்டும். முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே அவர்களைத் தொலைக்காட்சி முன் அமர்த்திக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கூடத்தின் பெரிய திரைக்கு உண்மையான பயன் இதுவே. கணினிக்கு முன் குனிய மாட்டாத பாட்டி, தொலைக்காட்சியில் தன் தம்பியைக் கண்டதும் தானாகப் பேசத் தொடங்குகிறாள்.

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அவர் கைக்கு ஏடுகள் கிடைத்தது தலைமுறைதோறும் யாரோ பெயர் தெரியாதவர்கள் படியெடுத்து வந்ததால்தான். படியெடுக்கப்படாதவை கரையானுக்கும் ஆடிப்பெருக்குக்கும் போயின. ஓலைக்கு உள்ள விதியே வன்தட்டுக்கும் உண்டு. அது சில ஆண்டுகளில் நின்றுவிடக்கூடும். எனவே ஒரு படி வீட்டில், இன்னொரு படி வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் என்று இரண்டு படியாவது வேண்டும்; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றவும் வேண்டும்.

சுருள் சாமிக்கண்ணுவிடம் இருந்தது, பின்பு அரங்கத்தாரிடம், பின்பு கேசட் கடையில். சந்தா கட்டிப் பார்க்கும் இக்காலத்தில் அது நாம் அறியாத எங்கோ ஓர் அறையில் இருக்கிறது. இன்று இருக்கும் படம் நாளை பட்டியலில் இல்லை. வீட்டு நாடாக்கள் மட்டும் எப்போதும் நம் கையிலேயே இருந்திருக்கின்றன. அவை அழிந்தால் குறை சொல்ல வேறு யாரும் இல்லை. வருகிற பூச்சொரிதலுக்குச் சொந்தங்கள் கூடுமுன் பரணில் ஏறிப் பார்ப்பது நல்லது.