துணைக் குழலின் வரலாறு

பூமி தன் அச்சில் ஒரு முறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 நொடி ஆகிறது. அதனால் வான நடுக்கோட்டருகே உள்ள விண்மீன் நொடிக்கு 15 விகலை மேற்கே நகர்வதாகத் தெரியும். விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. 1824-இல் பிரவுன்ஹோஃபர் தோர்ப்பாத் வானாய்வகத்துக்குச் செய்துகொடுத்த தொலைநோக்கியிலேயே இந்த நகர்வை ஈடுகட்டும் கடிகாரப் பொறி இருந்தது. கண்ணால் பார்ப்பவருக்கு அது போதும். ஒளிப்படத் தகடு அப்படி மன்னிப்பதில்லை: பொறி சற்றே முந்தினாலும் பிந்தினாலும் புள்ளியாக விழவேண்டிய விண்மீன் கோடாகிவிடும்.

1850-இல் ஹார்வர்டில் பாண்டும் விப்பிளும் வேகா விண்மீனைப் படம்பிடித்தார்கள். 1880-இல் ஹென்றி டிரேப்பர் ஒரியன் நெபுலாவுக்கு 51 நிமிடம் ஒளி கொடுத்தார். வெளிச்சம் விழும் நேரம் இப்படி நீண்டபோது பொறியை நம்பி விட்டுவிட முடியவில்லை. ஒரு விண்மீனைக் குறுக்கிழையில் வைத்து, அது விலகும்போதெல்லாம் ஆள் ஒருவர் திருத்த வேண்டியிருந்தது. இதுவே வழிகாட்டுதல். பாரிஸில் பால், புரோஸ்பர் ஹென்றி சகோதரர்கள் ஒரே குழலுக்குள் இரண்டு லென்சுகளை வைத்தார்கள்: 33 செ.மீ. லென்சு தகட்டுக்கு, சிறியது கண்ணுக்கு. 1887-இல் தொடங்கிய பன்னாட்டு வானப்படத் திட்டம் இந்தக் கருவியையே மாதிரியாகக் கொண்டது. ஹைதராபாத்தின் நிஜாமியா ஆய்வகமும் பின்னர் அதில் பங்கேற்றது. பால்வீதிப் படங்களுக்குப் பெயர்பெற்ற பர்னார்டின் புரூஸ் தொலைநோக்கியிலும் படமெடுக்கும் குழல்களோடு 13 செ.மீ. வழிகாட்டுக் குழல் ஒன்று இருந்தது.

இப்படி வழிகாட்டத் தனியாக வைக்கும் துணைக் குழலில் ஒரு கோளாறு உண்டு. இரவு நகர நகரக் கருவி சாயும் கோணம் மாறும். இரு குழல்களும் ஒரே அளவில் வளைவதில்லை. குறுக்கிழையில் விண்மீன் அசையாமல் நிற்க, தகட்டிலோ அது இழுபடும். இங்கிலாந்தின் ஆண்ட்ரூ காமன் இதற்கு வேறு வழி கண்டார்: இருபுறமும் நகரும் தகட்டுச் சட்டம். தகட்டின் ஓரத்தில், முதன்மைக் குழலின் கண்ணாடியிலிருந்தே வரும் விண்மீனைப் பார்த்தபடி சட்டத்தையே நகர்த்தித் திருத்தலாம். பின்னர் வானியலாளர் ரிட்ச்சி அதைப் பயன்படுத்தி அருமையான படங்கள் எடுத்தார்.

எந்த வழியானாலும் உழைத்தது மனிதக் கண்தான். பலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கியில் வானியலாளர் குழலின் உச்சியிலுள்ள கூண்டிலேயே இரவெல்லாம் குளிரில் உட்கார்ந்திருப்பார். 1937-இல் விட்ஃபோர்டும் கிரானும் ஒளிமின் கலத்தைக் கொண்டு தானாக வழிகாட்டும் முறையை வெளியிட்டார்கள். ஆனாலும் அது பெரிய ஆய்வகங்களின் பொருள். பொழுதுபோக்காக வானைப் பார்ப்பவர் கைக்கு ஆட்டோகைடர், அதாவது தானாக வழிகாட்டும் கருவி, எட்டியது 1990-ஐ ஒட்டி, எஸ்பிஐஜி நிறுவனத்தின் எஸ்டி-4 கருவியால். தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் மவுண்டுகளில் இருக்கும் வழிகாட்டுத் துளைக்கு இன்றும் எஸ்டி-4 என்ற பெயர்தான். 2000-களின் நடுவில் க்ரெய்க் ஸ்டார்க் எழுதிய பிஎச்டி கைடிங் என்ற இலவச மென்பொருள் செலவைக் கேமரா விலையோடு நிறுத்தியது.

கண்ணால் வழிகாட்டிய காலத்தில் துணைக் குழலின் குவியத்தூரம் முதன்மைக் குழலைவிட மிகவும் குறைந்துவிடக் கூடாது என்பார்கள். குறிபார்க்க மட்டும் உதவும் சிறு குழலான 50 மி.மீ. ஃபைண்டரை அன்று யாரும் இந்த வேலைக்கு நினைத்திருக்க மாட்டார்கள்; இன்று பலருக்கு அதுவே துணைக் குழல். அதன் குவியத்தூரம் 180 மி.மீ. என்றால், 3.75 மைக்ரான் பிக்சல் ஒன்று வானில் 4.3 விகலையை அடைக்கும். தேவையான துல்லியமோ ஒரு விகலைக்கும் கீழே. ஆனால் விண்மீனின் ஒளி பல பிக்சல்களில் சிதறி விழுவதால், அதன் மையத்தை மென்பொருள் பிக்சலில் பத்தில் ஒரு பங்குவரை கணக்கிடும். அதனால்தான் ஃபைண்டரின் குவியத்தைச் சற்றே தளர்த்துவது சிலசமயம் உதவுகிறது: ஒரே பிக்சலுக்குள் ஒடுங்கிய விண்மீனுக்கு மையம் காண முடியாது. இரண்டு முதல் நான்கு நொடிவரை ஒளி கொடுத்தால் காற்றின் அலைவும் சராசரியாகிவிடும். பிந்தைய மென்பொருள்கள் பல விண்மீன்களைச் சேர்த்தே பார்க்கின்றன.

கணக்கு தேறினாலும் வளைவு போகவில்லை. ஃபைண்டரோடு வரும் பிடி, கண்ணால் குறிபார்க்கச் செய்தது. ஒருபுறம் சுருள்வில் தாங்க இரண்டு திருகுகள் மட்டும் இறுக்கும். ஒரு பிக்சலே நான்கு விகலையாக இருக்கும்போது அந்தப் பிடியின் நுண்ணிய நெகிழ்வும் படத்தில் தெரியும். இரண்டு உறுதியான வளையங்கள், தொங்காத கேபிள், ஆடாத கேமரா இணைப்பு ஆகிய மூன்றும் மென்பொருள் அமைப்புகளைவிட அதிகம் பலன் தருகின்றன. மவுண்டின் துருவ அச்சைச் சரியாக நிறுத்தாவிட்டால் வழிகாட்டும் விண்மீனைச் சுற்றிப் படம் மெல்லச் சுழலும். அதை எந்த ஆட்டோகைடரும் திருத்தாது. ஒரு மீட்டருக்கு மேற்பட்ட குவியத்தூரத்தில் பலர் ஃபைண்டரைக் கைவிட்டு, முதன்மைக் குழலின் ஒளியிலிருந்தே ஒரு சிறு பட்டகத்தால் விண்மீனைப் பிரித்தெடுக்கும் முறைக்கு, அதாவது காமனின் வழிக்கு, மாறிவிடுகிறார்கள்.