காலி செய்யப்பட்ட மனோங்குகள்

1977 ஆகஸ்ட் 4. நள்ளிரவு தாண்டிய நேரம். சான் பிரான்சிஸ்கோவின் கியர்னி தெருவில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கானவர்கள் கை கோர்த்து நின்றார்கள். எதிரே தடியும் குதிரையுமாகப் போலீஸ் படை. உள்ளே இருந்தவர்கள் சுமார் ஐம்பது பேர்தான். பெரும்பாலும் வாடகைக்குக் குடியிருந்த பிலிப்பினோ, சீன முதியவர்கள்.

கட்டடத்தின் பெயர் இன்டர்நேஷனல் ஹோட்டல். பெயர்தான் பெரிது! உள்ளே ஒரு கட்டில் போடும் அளவு அறைகள், பொதுக் கழிப்பறை. மேன்ஷன் என்போமே, அதேதான்.

வயதான காலத்தில் ஏன் தனியாக ஓர் அறையில்? பிள்ளைகள் கைவிட்டார்களா என்றால், பலருக்குப் பிள்ளைகளே இல்லை. 1920களில் இளைஞர்களாக வந்து கலிபோர்னியாவின் வயல்களிலும் ஓட்டல் சமையலறைகளிலும் உழைத்தவர்கள் இவர்கள். கூட வந்த பெண்கள் மிகக் குறைவு. வெள்ளைக்காரப் பெண்ணை மணக்க 1948 வரை கலிபோர்னியச் சட்டம் விடவில்லை. 1934ல் வந்த சட்டமோ பிலிப்பைன்ஸிலிருந்து ஆண்டுக்கு ஐம்பது பேருக்கு மேல் குடியேற முடியாதபடி செய்தது. ஆகவே குடும்பம் என்றால் பக்கத்து அறைக்காரர்தான். 'மனோங்' என்று இவர்களை அழைப்பார்கள். இலோகானோ மொழியில் அண்ணன் என்று அர்த்தம்.

பக்கத்திலேயே வங்கிகளும் அலுவலகக் கோபுரங்களும் வளர, நிலத்தின் விலை ஏறியது. 1968ல் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் கட்டும் திட்டம். 1969ல் தீப்பிடித்து மூன்று பேர் இறந்தார்கள். பிறகு மாணவர்கள் வந்து சுவருக்குப் பெயிண்ட் அடித்து, ஓட்டை உடைசலைச் சரிசெய்தார்கள். வழக்கும் ஊர்வலமுமாக ஒன்பது ஆண்டுகள் இழுத்தது. இடையில் 1973ல் கட்டடமே வேறு நிறுவனத்துக்குக் கைமாறியது.

இதில் வினோதமான பாத்திரம் ஷெரிஃப் ரிச்சர்ட் ஹோங்கிஸ்டோ. முதியவர்களை வெளியேற்ற மாட்டேன் என்று மறுத்து, நீதிமன்ற அவமதிப்புக்காக ஐந்து நாள் சிறையில் இருந்தவர். ஆனால் அந்த ஆகஸ்ட் இரவில் சம்மட்டியால் கதவை உடைத்தவரும் அவரேதான். அந்தப் புகைப்படம் இன்றும் இருக்கிறது. மனசாட்சிக்கு ஐந்து நாள்தான் ஆயுள் போலும்...

விடியும்போது கிழவர்கள் தெருவில். கட்டடத்தை 1979ல் இடித்தார்கள். இவ்வளவு அவசரமாகக் காலி செய்த இடம் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் வெறும் பள்ளமாகவே கிடந்தது!

2005ல் அங்கே குறைந்த வருமானமுள்ள முதியோருக்காக நூற்றுக்கும் மேற்பட்ட வாடகை வீடுகள் திறக்கப்பட்டன. பெயர் அதே இன்டர்நேஷனல் ஹோட்டல். வெளியேற்றப்பட்ட மனோங்குகளில் பெரும்பாலோர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.