கையாற் கற்ற விஞ்ஞானம்

பள்ளிக்கூடம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன வரிசையாக இட்ட வாங்குகளும் மேசைகளும், அவற்றுக்கு எதிரே ஒரு கரும்பலகையும் ஆகும். பிள்ளைகள் இருந்து கேட்பதற்கும், கேட்டதை எழுதுவதற்கும் வேண்டியன அங்கு உள. கையால் ஒன்றைச் செய்து பார்ப்பதற்கு வேண்டியன பெரும்பாலும் இல. 1896ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரிற் சிறுவர் பள்ளியொன்றைத் தொடங்கிய யோன் டூயி என்னும் தத்துவப் பேராசிரியர், தம் பள்ளிக்கேற்ற மேசைகளைத் தேடி அந்நகரக் கடைகள் பலவற்றில் ஏறி இறங்கினார். அவர் விரும்பிய வகை கிடைத்திலது. ஈற்றிற் கடைக்காரர் ஒருவர், அவர் தேடுவது பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேசை என்றும், கடைகளில் உள்ளவையோ பிள்ளைகள் இருந்து கேட்பதற்கென அமைந்தவை என்றும் காரணத்தை எடுத்துரைத்தார். டூயி அச்செய்தியைத் தமது ‘பள்ளியும் சமுதாயமும்’ என்னும் நூலிற் பதிந்து வைத்துள்ளார்.

சிறுவர்க்கு விஞ்ஞானத்தைச் செய்முறையாற் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக வெவ்வேறு நாடுகளில் அது தோன்றியும் தளர்ந்தும் மீளத் தோன்றியும் வந்துள்ளது. நல்லதென யாவரும் ஒப்பும் ஒன்று ஏன் நிலைபெறவில்லை? பணமின்மை, கருவியின்மை, ஆசிரியர்க்குப் பயிற்சியின்மை என்பன வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். அவை பொய்யல்ல. ஆயினும் வரலாற்றை உற்று நோக்குமிடத்து அவற்றினும் வலிய காரணம் வேறொன்று புலப்படுகின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லுக்கு முன் பொருள், மனப்பாடத்துக்கு முன் காட்சி என்னும் கொள்கையைச் சிறுவர் கல்வியில் நிலைநாட்ட உழைத்தவர்களுள் தலைசிறந்தவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பெஸ்தலோசி (1746 – 1827) ஆவார். இவர்டன் என்னும் ஊரில் அவர் நடத்திய பள்ளியைக் காண ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் ஆசிரியர்கள் சென்றனர். அங்குச் சிலகாலம் தங்கி மீண்ட சாள்ஸ் மேயோ என்பவரும் அவர்தம் சகோதரி எலிசபெத் மேயோவும் அம்முறையை இங்கிலாந்திற் பரப்பினர். எலிசபெத் எழுதிய ‘பொருட் பாடங்கள்’ என்னும் நூல் ஆசிரியர்க்குப் பெருந்துணையாயிற்று. அதன் முதற்பாடம் கண்ணாடித் துண்டொன்றைப் பற்றியது. பிள்ளைகள் அதனைக் கையில் வாங்கித் தடவியும் அதனூடாகப் பார்த்தும் அதன் இயல்புகளைத் தாமே கண்டு கூறல் வேண்டும் என்பது கருத்து.

கருத்து நன்று, நடைமுறையில் நேர்ந்ததோ வேறு. காலப்போக்கில் ஆசிரியர் பலர் கண்ணாடியை விடுத்து, அதன் இயல்புகளின் பட்டியலை மட்டும் ஒப்புவிக்கச் செய்தனர். ஊடுகாட்டுவது, நொறுங்குவது என்னும் சொற்கள் பிள்ளைகளின் நாவில் நின்றன. பொருள் கையைவிட்டு அகன்றது. 1854இல் வெளிவந்த சாள்ஸ் டிக்கின்சின் ‘கடுங்காலம்’ என்னும் நாவல் இத்தகைய கல்வியை எள்ளி நகையாடுகின்றது. குதிரைகளோடு பழகி வளர்ந்த சர்க்கஸ்காரன் மகள் குதிரைக்கு வரைவிலக்கணம் சொல்ல அறியாது விழிக்க, மற்றொரு மாணவன் குதிரையின் பற்களின் தொகைமுதலாக யாவற்றையும் மளமளவென ஒப்புவிக்கின்றான். அவ்வகுப்பில் அறிவுடையவன் எனக் கொள்ளப்பட்டவன் அவனே. பொருளை வகுப்புக்குக் கொணர்ந்தால் மட்டும் போதாது என்பது இதனாற் பெறப்படும் முதற்பாடம்.

அதே காலத்தில் அதே நாட்டின் சிற்றூரொன்றில் வேறுவகையான முயற்சி ஒன்று நடைபெற்றது. ஹாம்சயர் மாவட்டத்துக் கிங்ஸ் சொம்போன் என்னும் ஊரின் குருவாகிய றிச்சாட் டோஸ் கேம்பிரிட்சிற் கணிதம் பயின்றவர். 1842இல் அவர் அங்கு ஒரு பள்ளியைத் திறந்தார். கூலிவேலை செய்வோரின் மக்களும் பண்ணைக்காரரின் மக்களும் அங்கு ஒருங்கே பயின்றனர். பிள்ளைகள் வீட்டிலும் வயலிலும் நாள்தோறும் காண்பவற்றின் காரணங்களை ஆராய்வதே அவர் கற்பித்த விஞ்ஞானம். கேத்தலில் நீர் கொதிக்கும்போது நிகழ்வது யாது? கிணற்று நீரைக் குழாய் எவ்வாறு மேலே இழுக்கின்றது? இவ்வாறான வினாக்களிலிருந்து வளியின் அமுக்கம், வெப்பத்தின் இயல்பு முதலியன விளக்கம் பெற்றன. வாசிப்பும் கணக்கும் இவற்றோடு ஒட்டியே வளர்ந்தன. ‘பொதுப் பொருள்களின் விஞ்ஞானம்’ எனப் பெயர்பெற்ற இம்முறையை அரசாங்கப் பரிசோதகர்கள் வியந்து எழுதினர்.

ஆயினும் இருபது ஆண்டுகளுள் இவ்வியக்கம் ஒடுங்கியது. 1862இல் இங்கிலாந்தில் ‘திருத்திய கல்விச் சட்டக்கோவை’ நடைமுறைக்கு வந்தது. அதனை இயற்றுவித்தவர் றொபேட் லோ. பள்ளிகளுக்கு அரசு வழங்கும் நன்கொடை அன்றுதொட்டு மாணவர் வரவையும் அவர்தம் பரீட்சைப் பேற்றையும் பொறுத்ததாயிற்று. பரிசோதகர் ஆண்டுக்கொருமுறை வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிற் பிள்ளைகளைப் பரீட்சிப்பார். அவற்றுள் ஒன்றில் ஒரு பிள்ளை தவறினால், அப்பிள்ளையின்பொருட்டுப் பள்ளி பெறவேண்டிய எட்டுச் சிலிங்கில் இரண்டு சிலிங் எட்டுப் பென்சு குறைக்கப்படும். விஞ்ஞானத்துக்கு ஒரு பென்சும் இல்லை. அதனைக் கற்பிக்கலாகாது என்று எவரும் கட்டளையிடவில்லை. கட்டளையிட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தம் வேதனமும் பள்ளியின் வாழ்வும் மூன்று பாடங்களிற் தங்கியிருந்தமையால், ஆசிரியர் கேத்தலையும் குழாயையும் தாமே கைவிட்டனர்.

லோவின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுத்தல் ஆகாது. ஏழைப் பிள்ளைகள் பலர் வாசிக்கவும் அறியாது பள்ளியை விட்டு நீங்கினர். பொதுப்பணம் செலவாகும்போது பயன் யாதெனக் கேட்பது ஆட்சியாளர் கடமை. ஆனால், அளத்தற்கு எளியதை மட்டும் அளந்தமையால் அளக்கப்படாதது அழிந்தது. இந்நிகழ்ச்சியை நினைவிற் கொண்டு அமெரிக்காவுக்குத் திரும்புவோம்.

டூயி சிக்காகோவில் தொடங்கிய பள்ளி இரண்டு ஆசிரியரும் பதினாறு பிள்ளைகளும் கொண்ட சிறு பள்ளி. சமையல், தச்சு, நெசவு ஆகிய தொழில்களே அங்குப் பாடங்களின் நடுநாயகமாய் அமைந்தன. ஒருமுறை பிள்ளைகளிடம் பருத்தியும் கம்பளியும் கொடுக்கப்பட்டன. தம் முன்னோர் பருத்தியாடையினும் கம்பளியாடையை மிகுதியாக அணிந்தது ஏன் என்பது அவர்கள் ஆராய்ந்த வினா. பருத்திக் காயிலிருந்தும் விதையிலிருந்தும் பஞ்சைக் கையாற் பிரிக்க முயன்ற ஒரு குழுவினர், அரைமணி நேரம் பாடுபட்டும் ஓர் அவுன்சுக்குக் குறைவாகவே பெற்றனர். பருத்தியின் நார் குட்டையானது, வழுவழுப்பானது. கம்பளியின் நார் நீண்டது, சொரசொரப்பினால் ஒன்றையொன்று பற்றுவது என்பதையும் விரலாற் கண்டனர். விதை நீக்கும் பொறி தோன்றியபோது பருத்தித் தொழில் ஏன் பெருகியது என்பதை அதன்பின் எவரும் அவர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பொறியியலும் பொருளாதாரமும் வரலாறும் ஒருபிடிப் பஞ்சில் அடங்கியிருந்தன.

டூயியின் பள்ளியில் வெளிப்பரீட்சையின் நெருக்குதல் இல்லை. அதுவே அதன் சிறப்பு. அதுவே அதன் எல்லையுமாகும். 1904இல் அவர் சிக்காகோவை விட்டு நீங்கினார். அவருடைய கருத்துகள் உலகெங்கும் பரவினவாயினும், பரீட்சைக்கு உட்பட்ட பொதுப் பள்ளிகளில் அவற்றை எவ்வாறு நிலைநிறுத்துவது என்பது விடுபடா வினாவாகவே நின்றது.

இடைக்காலத்தில் மற்றொரு தடை நீங்கியது. இரண்டாம் உலகப் போரினால் ஆய்வுகூடங்களை இழந்த நாடுகளின் ஆசிரியர்க்கென, ஜே. பி. ஸ்ரீபன்சன் என்னும் ஆங்கில ஆசிரியர் எழுதிய கைந்நூல் ஒன்றை யுனெஸ்கோ 1948இல் வெளியிட்டது. தகரப்பேணி, போத்தல், கம்பி முதலிய எளிய பொருள்களாற் கருவிகள் செய்யும் வழிகளை அது கூறியது. அதன் வழிவந்த ‘விஞ்ஞான போதனைக்கான மூலநூல்’ 1956இல் வெளியாகிப் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 1960களில் அமெரிக்காவின் ‘தொடக்க விஞ்ஞானக் கல்வி’ என்னும் திட்டத்தினர், ஒரு மின்கலம், ஒரு மின்குமிழ், ஒரு துண்டுக் கம்பி ஆகிய மூன்றையும் சிறுவர் கையிற் கொடுத்துக் குமிழை எரியச் செய்யுமாறு விட்டனர். சுற்று முழுமையுற்றாலன்றி மின் பாயாது என்பதைப் பிள்ளைகள் பலமுறை தவறித் தாமே கண்டனர். விலையுயர்ந்த கருவிகள் இன்றியே விஞ்ஞானம் கற்பிக்கலாம் என்பது இவற்றால் ஐயமின்றி நிறுவப்பட்டது. அப்படியாயின் எஞ்சிய தடை யாது? அவ்வினாவுக்கு நேரே முகங்கொடுத்தவர்கள் இந்தியாவின் கிராமப்புறத்தில் தோன்றினர்.

நருமதை ஆறு பாயும் மத்தியப் பிரதேசத்தில், இன்று நருமதாபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ள ஹோசங்காபாத் மாவட்டத்தில், 1972இல் 16 அரசினர் நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. கிசோர் பாரதி, ரசூலியாவின் நண்பர் கிராம நிலையம் ஆகிய இரு நிறுவனங்கள் அதனை முன்னின்று நடத்தின. தாத்தா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தையும் தில்லிப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த விஞ்ஞானிகள் துணை நின்றனர். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளே இதற்கு உரியவர். 1978இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் இது விரிவுற்றது. 1982இல் நிறுவப்பட்ட ஏகலவ்யா என்னும் நிறுவனம் பின்னர் இதனை ஏற்று வளர்த்தது.

‘பால வைஞானிக்’, அதாவது ‘இளம் விஞ்ஞானி’, என்பது அத்திட்டத்தின் பாடநூல். அதில் வினாக்கள் இருந்தன, விடைகள் இல்லை. பிள்ளைகள் சிறு குழுக்களாகப் பிரிந்து பரிசோதனை செய்து, கண்டதை எழுதி, கலந்துரையாடி முடிவு காணல் வேண்டும். வயலிற் பிடுங்கிய களைகளைத் தரையிற் பரப்பி, இலையின் நரம்பையும் வேரின் வகையையும் ஒப்புநோக்குவர். வலைபோன்ற நரம்புடைய செடிக்கு ஆணிவேரும், சமாந்தர நரம்புடையதற்கு நார்வேரும் பெரும்பாலும் அமைந்திருத்தலைத் தாமே உணர்வர். எழும் ஐயங்களைச் ‘சவாலிராம்’ என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதுவர்; மறுமொழியும் வரும். ஆசிரியர்க்கு விடுமுறைப் பயிற்சியும் மாதாந்தக் கூட்டங்களும் நடைபெற்றன. அங்கு அவர்கள் தாமும் பிள்ளைகளைப் போலவே பரிசோதனை செய்து தவறினர். தவறியதைப் பற்றி விவாதித்தனர்.

1978இல் இத்திட்டத்துக்கு உழைக்க வந்த அரவிந்த் குப்தா என்னும் பொறியியலாளர் கண்ட விளையாட்டுப்பொருள் ஒன்றை ஈண்டுக் குறிப்பிடல் தகும். துவிச்சக்கரவண்டி வால்விற் பொருத்தும் மெல்லிய இறப்பர்க் குழாயைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் நெருப்புக்குச்சிகளைச் செருகினால் வளையும் மூட்டு ஒன்று கிடைக்கும். மூன்று குச்சிகளும் மூன்று மூட்டுகளும் முக்கோணம் ஆகும். அதனை எப்பக்கம் அழுத்தினும் உருத்திரியாது. நான்கு குச்சிகளாலாகிய சதுரமோ விரல் பட்டதும் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை குறுக்கே ஒரு குச்சி பொருத்தினால் அதுவும் உறுதிபெறும். பாலங்களிலும் கூரைகளிலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் காரணத்தைப் பத்து வயதுச் சிறுவனும் இவ்வாறு தன் விரல்களால் அறிகின்றான்.

எனினும் ஹோசங்காபாத்தின் தனிச்சிறப்பு நெருப்புக்குச்சியில் இல்லை. அது பரீட்சையை மாற்றியதில் உளது. பரீட்சை பழையதாயின் கற்பித்தலும் பழையதாகவே முடியும் என்பதை அதனை நடத்தியோர் தெளிந்திருந்தனர். ஆகவே அரசின் இசைவுடன், பிள்ளைகள் பாடநூலையும் தம் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டே விடையெழுதும் முறையை ஏற்படுத்தினர். மனப்பாடத்துக்கு அங்கு இடமில்லாதொழிந்தது. முன் காணாத செடியொன்றைப் பற்றியோ, முன் செய்யாத பரிசோதனையொன்றின் பெறுபேற்றைப் பற்றியோ வினவும்போது புத்தகத்தைப் புரட்டுவதாற் பயனில்லை; சிந்திக்கவே வேண்டும். எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சையும் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்திற் பள்ளி விஞ்ஞானத்தை வீழ்த்திய கருவியே இங்கு அதற்கு அரணாயிற்று. அரசினர் பள்ளிகளில், சாதாரண ஆசிரியரைக் கொண்டு, முப்பது ஆண்டுகள் இத்திட்டம் நிலைபெற்றமைக்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

அவ்வரணும் என்றும் நிலைத்திலது. எட்டாம் வகுப்பைக் கடந்த பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிற் பழைய முறையையும் பழைய பரீட்சையையும் எதிர்கொண்டனர். தம் மக்கள் பின்தங்கிவிடுவரோ என்னும் அச்சம் பெற்றோர்க்கு எழுதல் இயல்பே. 2002இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. பல நூறு பள்ளிகள் ஏனைய மாவட்டங்களின் பாடநூலுக்குத் திரும்பின. ஒருபடி மட்டும் மாறி அதன் மேற்படி மாறாதிருப்பின், மேற்படியே ஈற்றில் வெல்லும் என்பது அம்முடிவு உணர்த்தும் உண்மை.

நம் நாட்டிற் 1990களின் இறுதியில் நடைபெற்ற தொடக்கக் கல்விச் சீர்திருத்தம், ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்னும் பாடத்தைச் சிறுவர் வகுப்புகளுக்கு வழங்கியது. பெயரிலேயே செயல் அமைந்த பாடம் அது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையோ தாளும் பென்சிலும் கொண்டு நடப்பது. ஏழைப் பிள்ளைகள் பலர்க்கு நல்ல பள்ளிகளின் வாயிலைத் திறந்துவிட்ட அப்பரீட்சையைப் பழித்தல் நன்றியன்று. ஆயினும், விதை முளைப்பதைப் பார்த்திராத பிள்ளையும் முளைத்தலைப் பற்றிய வினாவுக்குச் சரியான விடையைத் தெரிவுசெய்தல் கூடும் என்பதை ஆசிரியர் நன்கறிவர். எலிசபெத் மேயோவின் கண்ணாடித் துண்டுக்கு நேர்ந்த கதியும் இதுவேயன்றோ?

நாடளாவிய பரீட்சையை மாற்றுதல் தனியொருவர் கையில் இல்லை. வகுப்பின் தவணைப் பரீட்சையோ பெரும்பாலும் வகுப்பாசிரியர் கையிலேயே உளது. அதில் ஒரு வினாவையேனும் செய்து பார்த்தவன் மட்டுமே விடையளிக்கத்தக்கதாக அமைத்தல் அவர்க்கு இயலும். ஒரு மின்கலமும் ஒரு குமிழும் ஒரு கம்பியும் மேசைமீது வைத்து, எரியச் செய்க எனக் கூறுதலும் ஒரு வினாவே. அவ்வினா தவணைதோறும் வருமென அறிந்தால், பிள்ளைகளும் பெற்றோரும் அவற்றைத் தேடி வாங்குவர். வகுப்பிலும் அதற்கு நேரம் உண்டாகும்.