புது பிளேடு... தள்ளாடும் கால்கள்! ஃபிகர் ஸ்கேட்டிங் கத்துக்குட்டிகளுக்கு ஒரு கைடு

மூணு மாசம் வாடகை ஸ்கேட்ஸில் பழகியாச்சு. தடுப்பைப் பிடிக்காமல் ஒரு ரவுண்டு வருவீர்கள், பிரேக் பிடிக்கவும் தெரியும். ‘இனி சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்’ என்று சேர்த்துவைத்த காசில் புது ஷூ, புது பிளேடு வாங்கி, ஆசையாக ஐஸில் கால் வைக்கிறீர்கள். முதல் நிமிஷமே தொபுக்கடீர்! போன வாரம் வரை வந்த பிரேக் இன்று வரவில்லை. கால் தன் பாட்டுக்கு எங்கேயோ போகிறது. ‘எல்லாமே மறந்துபோச்சா... இது நமக்கு செட் ஆகாதோ?’

பதறாதீங்க. மாறியிருப்பது உங்கள் கால் இல்லை, அதற்குக் கீழே இருக்கும் இரும்பு. புது பிளேடு தரும் தொல்லைகளில் சில, பழகப் பழகத் தானாகச் சரியாகும். சில, எத்தனை நாள் பழகினாலும் போகாது. அவற்றை கடையில்தான் சரிசெய்ய வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் சிலர் ஸ்கேட்டிங்கையே மூட்டைகட்டி வைத்துவிடுகிறார்கள்.

பிளேடில் என்னதான் இருக்கு?

ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடின் தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர். ஒரே பட்டை மாதிரி தெரிந்தாலும், அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். இதற்கு ‘ஹாலோ’ என்று பெயர். பள்ளத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் கூரான விளிம்புகள்தான் ‘எட்ஜ்’. ஐஸைக் கடித்துப் பிடிப்பது இவைதான். பிளேடின் அடிப்பகுதி நேராகவும் இருக்காது. ஆடும் நாற்காலியின் அடிக்கட்டை போல லேசாக வளைந்திருக்கும். அது ‘ராக்கர்’. முன்னால் இருக்கும் ரம்பப் பற்கள் ‘டோ பிக்’. அவை குதிக்கவும் சுழலவும்தான், பிரேக் பிடிக்க அல்ல.

பல பேர் கால் மாறிய வாடகை பிளேடில் எட்ஜ் பெரும்பாலும் மழுங்கிப்போயிருக்கும். அதில் பழகிய கால், புதிதாகச் சாணை பிடித்த எட்ஜில் திணறத்தான் செய்யும். சாணை பிடித்த மறுநாள் அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது கொஞ்சம் பயந்து பயந்து நறுக்குவோமே, அதே கதைதான்.

பழகினால் போய்விடும் தொல்லைகள்

பிரேக் வரவில்லை: பாதங்களை உள்பக்கம் திருப்பி ஐஸைச் சுரண்டி நிற்பதுதான் ஆரம்பகால பிரேக். கூரான எட்ஜ், சுரண்டுவதற்குப் பதிலாகக் கடித்துவிடும். பிளேடை அதிகம் சாய்க்காமல், வேகத்தைக் குறைத்து, மெதுவாக அழுத்திப் பழகுங்கள்.

முன்பக்கமாகத் தடுக்கி விழுவது: புது பிளேடில் டோ பிக் பெரிதாக இருந்தால், விரல் நுனியால் உந்தும் பழக்கம் உடனே மாட்டிக்கொள்ளும். உந்த வேண்டியது பிளேடின் பக்கவாட்டு எட்ஜால்தான்.

முன்னும் பின்னும் ஆடுவது: வளைவு மாறினால் பேலன்ஸ் கிடைக்கும் இடமும் மாறும். முழங்காலை மடக்கி நின்று, எடை பாதத்தின் எந்த இடத்தில் இருந்தால் ஆட்டம் நிற்கிறது என்று தேடிக் கண்டுபிடியுங்கள்.

பழகினாலும் போகாதவை

ஒரே கால், ஒரே பக்கம் இழுப்பது: ஒற்றைக் காலில் நேராகச் சறுக்கும்போது, ஒவ்வொரு முறையும் அந்தக் கால் மட்டும் ஒரே பக்கம் திரும்பினால், பிளேடு ஷூவில் கோணலாக மாட்டப்பட்டிருக்கலாம். முதலில் லேஸ் தளர்வாக இல்லையே என்று பார்த்துவிட்டு, கோச்சைப் பின்னாலிருந்து கவனிக்கச் சொல்லுங்கள். புது பிளேடை முதலில் சில ஸ்க்ரூக்கள் மட்டும் போட்டுத் தற்காலிகமாக மாட்டுவது இதற்காகத்தான். தேவைப்பட்டால் சற்று நகர்த்தலாம். சரியாக அமைந்த பிறகு மற்ற ஸ்க்ரூக்களைப் போட்டால் போதும்.

எட்ஜ் உயரம் சமமில்லை: ஷூவைத் தலைகீழாகப் பிடித்து, பிளேடின் குறுக்கே ஒரு சின்ன ஸ்கேலை வையுங்கள். ஸ்கேல் ஒரு பக்கம் சாய்ந்தால், சாணை சரியில்லை.

பிடிப்பே இல்லை: கடையிலிருந்து வரும் எல்லா பிளேடும் சாணை பிடித்து வருவதில்லை. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம்.

சாணை என்றதும் தெருவில் கத்தி தீட்டுபவரிடம் கொடுத்துவிடாதீர்கள். நடுப்பள்ளம் போய்விட்டால் எட்ஜும் போச்சு. டோ பிக்கைத் தேய்க்காமல், ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடு தீட்டத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். பொதுவாக 20 முதல் 40 மணி நேரம் ஓட்டிய பிறகு மறுபடி தீட்ட வேண்டியிருக்கும்.

முதல் நாள் என்ன செய்யலாம்?

கூட்டம் குறைவான நேரமாகப் பாருங்கள். முதல் 10 நிமிடம் தடுப்பை ஒட்டியே நடை. பிறகு இரண்டு காலில் சறுக்கல், முழங்கால் மடக்கி எழுதல், ஒற்றைக்கால் சறுக்கல், கடைசியாக பிரேக். குதிப்பதும் சுற்றுவதும் இன்று வேண்டாம். விழப்போவது தெரிந்தால் முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் விழுங்கள். கையை ஊன்றினால் மணிக்கட்டுக்கு ஆபத்து. விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் வருபவரின் பிளேடும் உங்களுடையது மாதிரி கூராகத்தான் இருக்கும்!

வீட்டுக்கு வந்ததும்...

ஐஸை விட்டு இறங்கி நடக்கும்போது பிளாஸ்டிக் கார்டு கட்டாயம். கழற்றியதும் பிளேடையும் ஸ்க்ரூக்களையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். குளிர்ந்த இரும்பு நம்ம ஊர் வெக்கையில் வெளியே வந்ததும் வியர்க்கும்; அதனால் வீட்டுக்கு வந்து இன்னொரு முறை துடைத்து, துணி உறை போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் கார்டுக்குள்ளேயே விட்டால் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும்.

நாலைந்து முறை ரிங்க்குக்குப் போய் வந்த பிறகும் தொல்லை அப்படியே இருக்கிறதா? உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். ஷூவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.