பழைய ஜீப்பின் சக்கர, டயர் அளவுகள்

பழைய ஜீப்புகளின் டயரில் காணப்படும் 6.00-16 என்ற எண் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலிருந்து அவ்வண்டியுடன் தொடர்ந்து வரும் அளவாகும். இதில் 6.00 டயரின் அகலத்தையும், 16 அது பொருந்தும் சக்கரத்தின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கின்றன. உயரத்துக்குத் தனி எண் இல்லை. அக்கால டயர்களில் பக்கச்சுவரின் உயரம் ஏறத்தாழ அகலத்துக்குச் சமமாக இருந்ததால் அது தேவைப்படவில்லை. இந்த வண்டிகளுக்கு இன்று டயர் தேடுவோர் முதலில் குழம்புவது இங்கேதான்.

போர்க்காலம்

1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் அந்நாட்டு இராணுவத்துக்காக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. அவற்றின் எஞ்சின் 60 குதிரைத்திறன் கொண்டது. சிறிய எஞ்சினுக்கு இலகுவான, ஒடுங்கிய டயர் ஏற்றதாக இருந்தது. ஆழம் குறைந்த சேற்றில் அது மேற்பரப்பை வெட்டிக்கொண்டு கீழுள்ள கெட்டித் தரையைப் பற்றும். டயரின் பட்டை வடிவம் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே விதமாகப் பிடிக்குமாறு அமைந்திருந்தது.

இராணுவ ஜீப்புகள் பலவற்றில் இரு துண்டுகளைத் திருகாணிகளால் இணைத்த சக்கரங்கள் இருந்தன. காற்று இறங்கினாலும் டயர் கழன்றுவிடாமல் ஓட்டுவதற்காக இவை அமைக்கப்பட்டன. காற்றை முழுவதும் இறக்காமல் இத்திருகாணிகளைக் கழற்றினால் சக்கரம் வெடித்துச் சிதறி உயிருக்கே ஆபத்தாகும். பழைய சக்கரங்களைப் புதுப்பிப்போர் இதை மறக்கக் கூடாது.

போருக்குப் பின்

1945-இல் உழவர்களுக்காக வந்த சி.ஜே.-2ஏ ஜீப்பிலும் டயர் அளவு 6.00-16 தான். ஆனால் அச்சின் பற்சக்கர விகிதம் 4.88-இலிருந்து 5.38 ஆக உயர்ந்தது. இதனால் வேகம் குறைந்து இழுவிசை கூடியது. தேவை மாறியபோது டயரை மாற்றாமல் பற்சக்கரத்தை மாற்றினர் என்பது கவனிக்கத்தக்கது. மகிந்திரா நிறுவனம் மும்பையில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. இந்த வகை ஜீப்புகள் இந்தியாவிலும் பரவின.

1948-இல் பிரிட்டனில் வெளிவந்த லேண்ட் ரோவரும் 6.00-16 டயருடனேயே வந்தது. எனினும் இரண்டின் சக்கரங்களையும் மாற்றிப் பூட்ட முடியாது. இரண்டுக்கும் ஐந்து திருகாணிகளே. ஆனால் அவை அமைந்த வட்டத்தின் விட்டம் ஜீப்பில் 139.7 மி.மீ., லேண்ட் ரோவரில் 165.1 மி.மீ. ஆகும்.

ரேடியல் டயர்கள்

1946-இல் மிஷலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை கோரியது. பின்னர் 235/75R15 போன்ற குறியீடுகள் வழக்கத்துக்கு வந்தன. இதில் அகலம் 235 மி.மீ.; பக்கச்சுவர் அதில் 75 விழுக்காடு; சக்கரம் 15 அங்குலம். கணக்கிட்டால் மொத்த உயரம் சுமார் 28.9 அங்குலம் வரும். இது பழைய 6.00-16 டயரின் உயரத்துக்கு மிக அருகில் உள்ளது. ஆனால் பழைய 4.5 அங்குல அகலச் சக்கரத்தில் இது பொருந்தாது. 15 அங்குல விட்டமும் குறைந்தது 6 அங்குல அகலமும் கொண்ட வேறு சக்கரம் தேவை.

பெரிய டயரின் விளைவு

தோற்றத்துக்காக 31 அங்குல டயர் பூட்டுவோர் உண்டு. உயரம் 28.9-இலிருந்து 31 ஆகும்போது தரை இடைவெளி ஓர் அங்குலமே கூடுகிறது. 5.38 என்ற அச்சு விகிதமோ ஏறத்தாழ 5.0 ஆகக் குறைந்ததற்கு ஒப்பாகும். வேகமானி 60 காட்டும்போது உண்மை வேகம் 64-ஐத் தாண்டியிருக்கும். கூடுதல் எடையும் உயரமும் பழைய டிரம் பிரேக்குகளுக்கும் ஸ்டியரிங் இணைப்புகளுக்கும் சுமையாகின்றன. மேடான இடங்களில் வண்டி கவிழும் வாய்ப்பும் கூடுகிறது.

நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஒரே வகையிலும் இருப்பது இன்றியமையாதது. இந்த ஜீப்புகளில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே வேக வேறுபாட்டைச் சரிசெய்யும் அமைப்பு இல்லை. டயர்களின் சுற்றளவு வேறுபட்டால், நான்கு சக்கர இயக்கத்தில் கெட்டிச் சாலையில் ஓடும்போது பற்சக்கரங்கள் முறுக்கேறித் தேயும். ஆகவே பழைய ஜீப்புக்கு டயர் தேர்ந்தெடுப்பவர் திருகாணி வட்டம், சக்கர அகலம், மொத்த உயரம், அச்சு விகிதம் ஆகிய நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.