ஸ்கார்பரோ சுரங்க ரயில் நீட்டிப்பு

கனடாவின் டொராண்டோ மாநகரில், இரண்டாம் தடத்தைக் கென்னடி நிலையத்திலிருந்து வடகிழக்கே 7.8 கிலோமீட்டர் நீட்டும் நிலத்தடி ரயில் திட்டம். நிலையங்கள் மூன்று. தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோ பகுதிக்கு இது உரியது.

இப்பகுதிக்கு 1985இல் திறக்கப்பட்ட மூன்றாம் தடம் ஆறு நிலையங்களைக் கொண்டிருந்தது. டிராம் தடமாகவே முதலில் திட்டமிடப்பட்டிருந்தும், ஒன்டாரியோ மாகாண அரசின் விருப்பப்படி நேரியல் மோட்டார் ரயில்கள் ஓடின. அவை மூப்படைந்ததும் மாற்று எது என்ற வினா எழுந்தது.

மேயர் டேவிட் மில்லர் காலத்தில் 2007இல் அறிவிக்கப்பட்ட திட்டம் இலகு ரயிலை முன்வைத்தது. 2010இல் மேயராகப் பதவியேற்ற ராப் ஃபோர்டு அதைக் கைவிட்டார். 2012இல் நகர மன்றம் மீட்டெடுத்தது. 2013 அக்டோபரில் அதே மன்றம் 24–20 வாக்குகளில் சுரங்க ரயிலுக்கு மாறியது.

ஏழு நிலைய இலகு ரயில் செலவு குறைந்தது. கூடுதலான குடியிருப்புகளுக்கு அருகில் நிற்கக்கூடியது. ஆனால் கென்னடியில் வண்டி மாற வேண்டும். கட்டுமானத்தின்போது பழைய தடத்தை மூடவும் வேண்டும். சுரங்க ரயிலில் இவ்விரண்டும் இல்லை. எதிர்பார்க்கப்பட்ட பயணிகள் எண்ணிக்கைக்குச் சுரங்கம் மிகை என்பது எதிர்ப்பாளர் வாதம், அது வலுவானதே. 2016இல் திட்டம் ஒரே நிலையமாகச் சுருங்கியது. 2019இல் திட்டத்தின் பொறுப்பை ஏற்ற மாகாண அரசு, 550 கோடி கனடிய டாலர் மதிப்பீட்டில் மூன்று நிலையங்களை மீட்டது.

கட்டுமானம் 2021இல் தொடங்கியது. 2023 ஜூலை 24இல் பழைய ரயிலின் கடைசிப் பெட்டி தடம்புரள, அத்தடம் திட்டமிட்டதற்கு முன்பே நிரந்தரமாக மூடப்பட்டது. பேருந்துகள் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன.